கியர் நழுவுகிறதா? ஜாப் கார்டில் எழுத வையுங்கள்

பைக் மூன்றாவது கியரில் போய்க்கொண்டிருக்கும்போது கியர் தானாகக் கழன்று நியூட்ரலுக்கு வந்துவிடுகிறது. சர்வீஸ் சென்டரில் சொன்னால், “புது வண்டிதானே, ஓட ஓடச் சரியாயிடும்” என்கிறார்கள். சரியாவதில்லை. வாரண்டி முடிந்தபின் அதே குறையோடு போய் நின்றால், “கியர் பாக்ஸைப் பிரிக்கணும், செலவு உங்களுடையதுதான்” என்ற பதில் வருகிறது. இந்த இடத்தில் வண்டிக்காரர் தோற்றுப்போவது பெரும்பாலும் ஒரே காரணத்தால்தான். முதல் நாளே குறையைச் சொன்னார் என்பதற்குக் கையில் ஒரு தாளும் இல்லை.

கியர் பாக்ஸ் ஒரே நாளில் கெடுவதில்லை. பல மாதங்களுக்கு முன்பே அறிகுறி காட்டும். அதைப் புரிந்துகொள்வது வண்டியைக் காக்கும், எழுத்தில் பதிய வைப்பது உங்கள் உரிமையைக் காக்கும்.

உள்ளே நடப்பது என்ன?

கியர் உள்ள பைக்குகளில் பல்சக்கரங்கள் எப்போதும் ஒன்றோடொன்று இணைந்தே சுழல்கின்றன. லீவரை மிதித்தால் உள்ளே இருக்கும் டிரம் திரும்பும். அது ஃபோர்க்கை நகர்த்தும். ஃபோர்க் ஒரு சக்கரத்தைப் பக்கவாட்டில் தள்ளும். அந்தச் சக்கரத்தின் பக்கவாட்டில் உள்ள கட்டைகள் அடுத்த சக்கரத்தின் பள்ளங்களில் போய் மாட்டிக்கொள்ளும். கட்டைகளின் விளிம்பு கூர்மையாக இருக்கும்வரை கியர் நிற்கும். விளிம்பு மழுங்கிவிட்டாலோ ஃபோர்க் வளைந்துவிட்டாலோ, ஆக்ஸிலரேட்டரைத் திருகும்போது கியர் வெளியே தள்ளப்படும்.

புது வண்டியில் முதல் சில நூறு கிலோமீட்டருக்கு கியர் கொஞ்சம் டைட்டாக விழுவது இயல்பு. ஆனால் விழுந்த கியர் நழுவுவது இயல்பல்ல. மழுங்கிய இரும்பு ஓட ஓட மேலும் மழுங்குமே தவிர, தானாகக் கூராகாது.

அறிகுறி சொல்லும் செய்தி

சிக்னலில் நிற்கும்போது நியூட்ரல் விழ மறுத்து, இன்ஜினை நிறுத்தியதும் எளிதாக விழுந்தால், கிளட்ச் முழுதாக விடுபடவில்லை என்று பொருள். முதலில் கேபிளைப் பாருங்கள். பல பைக்குகளில் கிளட்ச் லீவரின் நுனியில் 10 முதல் 20 மில்லிமீட்டர் தளர்வு (ஃப்ரீ பிளே) இருக்க வேண்டும். அதைச் சரிசெய்தாலே பல வண்டிகளில் சிக்கல் தீர்ந்துவிடும்.

இன்ஜின் சத்தம் ஏறியும் வேகம் ஏறவில்லை என்றால் கிளட்ச் வழுக்குகிறது. பிளேட் தேய்ந்திருக்கலாம், அல்லது ஆயில் தவறாக இருக்கலாம். வண்டி வெட்டி வெட்டி இழுத்தால், கியர் பாக்ஸைத் தொடும் முன் செயினையும் ஸ்பிராக்கெட் பற்களையும் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு குறிப்பிட்ட கியரில் மட்டும் ஊளைச் சத்தம் கேட்டால் பேரிங்கிலோ பல்சக்கரத்திலோ தேய்மானம் இருக்கலாம். வடித்த ஆயிலில் இரும்புச் சில்லுகள் கிடந்தால் அதன் பிறகு தள்ளிப்போடவே கூடாது.

இது உயிர் சம்பந்தப்பட்டது

லாரியை முந்தும் நேரத்தில் கியர் கழன்றால் வண்டி இழுவையின்றி எதிர்த்தடத்தில் மாட்டிக்கொள்ளும். ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டிச் சாலையில் 36 கொண்டை ஊசி வளைவுகள். அங்கே வேகத்தை அடக்குவதில் பெரும்பங்கு தாழ்ந்த கியருடையது. அது நழுவினால் பாரம் முழுவதும் பிரேக்கின் மேல் விழுகிறது. தொடர்ந்து பிடித்த பிரேக் சூடேறி வலுவிழக்கிறது. பெட்ரோலை மிச்சப்படுத்த நியூட்ரலில் இறங்குவோரும் இதே ஆபத்தைத் தாங்களாகவே தேடிக்கொள்கிறார்கள். தளர்ந்த செயின் கழன்று பின்சக்கரத்தைப் பூட்டிவிட்டால் சமவெளியிலும் விழ வேண்டியதுதான்.

உங்கள் கையில் இருக்கும் பராமரிப்பு

இன்று ஓடும் பெரும்பாலான பைக்குகளில் இன்ஜின், கிளட்ச், கியர் பாக்ஸ் மூன்றுக்கும் ஒரே ஆயில்தான். எனவே கையேட்டில் சொன்ன கிரேடோடு, ஜாசோ எம்ஏ அல்லது எம்ஏ2 என்ற குறி டப்பாவில் இருக்கிறதா என்று பாருங்கள். உராய்வைக் குறைக்கும் பொருள் கலந்த கார் ஆயிலும், ஸ்கூட்டருக்கான எம்பி வகை ஆயிலும் கிளட்ச்சை வழுக்கச் செய்யலாம்.

செயினை ஏறத்தாழ 500 கிலோமீட்டருக்கு ஒருமுறை துடைத்து மசகு (லூப்) போடுங்கள். மழையில் ஓட்டினால் இன்னும் சீக்கிரமே. மாற்றும்போது செயினையும் இரண்டு ஸ்பிராக்கெட்டையும் செட்டாக மாற்றுங்கள். கியர் லீவரின்மேல் காலை வைத்தே ஓட்டுவதும், கிளட்ச்சை அரைகுறையாகப் பிடித்து கியர் மாற்றுவதும் கியர் பாக்ஸின் ஆயுளைக் குறைக்கும் பழக்கங்கள்.

சட்டம் தரும் பாதுகாப்பு

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, ஜூலை 20, 2020 முதல் நடைமுறையில் இருக்கிறது. குறையுள்ள பொருளைச் சரிசெய்து தரவும், மாற்றித் தரவும், பணத்தைத் திருப்பித் தரவும், இழப்பீடு வழங்கவும் நுகர்வோர் ஆணையம் இதன்கீழ் உத்தரவிடலாம். பில் தர மறுப்பதே இச்சட்டப்படி நேர்மையற்ற வணிக நடைமுறை.

உணவு டெலிவரி செய்பவர்களும் பைக் டாக்சி ஓட்டுபவர்களும், “தொழிலுக்கு ஓட்டுற வண்டி, கேஸ் போட முடியாது” என்ற பேச்சை நம்பிப் பின்வாங்க வேண்டாம். சுயதொழிலாகத் தன் பிழைப்புக்கு மட்டும் வாங்கிப் பயன்படுத்துபவரும் நுகர்வோரே என்று சட்டம் சொல்கிறது. கோவையின் பிஎஸ்ஜி தொழில் நிறுவனம் ஒரு தரப்பாக இருந்த 1995ஆம் ஆண்டு வழக்கில், ஆட்டோ வாங்கிப் பிழைப்புக்காகத் தானே ஓட்டுபவர் நுகர்வோர்தான் என்று உச்ச நீதிமன்றமும் விளக்கியது. ஆனால் சில வாரண்டிகளில் வாடகைப் பயன்பாட்டுக்கு விலக்கு இருக்கும். வாங்கும் முன்பே படித்துவிடுங்கள்.

கிளட்ச் பிளேட், செயின் போன்றவை தேய்மானப் பொருள்கள் என்று பெரும்பாலான வாரண்டிகளில் விலக்கப்பட்டிருக்கும். பல்சக்கரம், ஷாஃப்ட், ஃபோர்க், டிரம் ஆகியவை அப்படிப்பட்டவை அல்ல. “தேய்மானம்தான்” என்று பொதுவாகச் சொன்னால், எந்தப் பாகம், எவ்வளவு தேய்ந்திருக்கிறது, அனுமதிக்கப்பட்ட அளவு எவ்வளவு என்று எழுதித் தரச் சொல்லுங்கள்.

என்ன செய்ய வேண்டும்?

1. வண்டியை சர்வீஸுக்கு விடும்போது குறைகளை எழுதும் ஜாப் கார்டில் “ஜெனரல் செக்கப்” என்று எழுதி முடிக்க விடாதீர்கள். “மூன்றாவது கியர் ஓட்டத்தில் நழுவுகிறது” என்று குறையையும், தேதியையும், ஓடிய கிலோமீட்டரையும் எழுத வைத்து நகல் வாங்குங்கள். கார்டைப் போட்டோ எடுத்து வையுங்கள்.

2. குறை தொடர்ந்தால் டீலருக்கும் நிறுவனத்துக்கும் மின்னஞ்சல் அனுப்புங்கள். போனில் பேசியது சான்றாக நிற்பது கடினம்.

3. வாரண்டி தகராறு தீரும் முன் வெளி மெக்கானிக்கிடம் கியர் பாக்ஸைப் பிரிக்காதீர்கள். டீலர் மாற்றிய பழைய பாகத்தைக் கேட்டுப் பாருங்கள், போட்டோ எடுங்கள்.

4. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தமிழிலும் பேசலாம்.

5. அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் வசிக்கும் அல்லது வேலை செய்யும் மாவட்டத்திலேயே மனு போடலாம். வண்டிக்குக் கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை; நீங்களே வாதாடலாம். குறை எழுந்ததிலிருந்து 2 ஆண்டுக்குள் போட வேண்டும். குறையைக் கண்டறிய சோதனை தேவைப்பட்டால், அதற்கு ஆணையமே உத்தரவிட முடியும்.

6. ஒரே மாடலில் பலருக்கும் ஒரே பாதுகாப்புக் குறை வந்தால் அது தனிமனிதர் சிக்கல் இல்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 110ஏ பிரிவு, அப்படிப்பட்ட வண்டிகளைத் திரும்பப் பெற உத்தரவிடும் அதிகாரத்தை மத்திய அரசுக்குத் தருகிறது. இதற்கான விதிகள் ஏப்ரல் 1, 2021 முதல் நடப்பில் உள்ளன.

நம் பக்கமும் சுத்தமாக இருக்க வேண்டும். சர்வீஸைத் தவறவிட்டிருந்தாலோ வேறு ஆயில் ஊற்றியிருந்தாலோ நிறுவனம் அதையே காரணம் காட்டும். எனவே ஆயில் பில்லையும் சர்வீஸ் பில்லையும் ஒரே உறையில் சேர்த்து வையுங்கள்.

இன்றே வாரண்டி புத்தகத்தை எடுத்து முடிவுத் தேதியைப் பாருங்கள். அதற்கு ஒரு மாதம் முன்பாக வண்டியை விட்டு, கியர் பற்றிய எல்லாக் குறைகளையும் எழுத வையுங்கள். சிறியது என்று நீங்கள் நினைப்பதையும் விடாதீர்கள்.