உஷார்! நாலு நட்டில் மூணு லூஸ்

இந்த வாரம் டயர் மாற்றினீர்களா? பேலன்சிங், அலைன்மெண்ட் என்று வண்டியைக் கடையில் விட்டீர்களா? போகிற வழியில் பஞ்சர் ஒட்டினீர்களா? அப்படியானால் இதைப் படித்து முடிக்கும்வரை சாவியை எடுக்காதீர்கள். படித்ததும் டிக்கியில் கிடக்கும் வீல் ஸ்பேனரோடு வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வாருங்கள். பதற்றத்தோடுதான் எழுதுகிறேன். பதற வேண்டிய விஷயம்தான்.

அம்பாசமுத்திரத்தில் சொந்தத்தில் ஒரு கல்யாணம். முந்தின நாள் சாயங்காலம் பாளையங்கோட்டையில் ஒரு கடையில் காரை விட்டேன். முன் டயரைப் பின்னுக்கும் பின் டயரை முன்னுக்கும் மாற்றி, பேலன்ஸ் பார்த்துத் தரச் சொன்னேன். முகூர்த்த நாள் நெருக்கம். கடையில் வண்டிகள் வரிசை கட்டி நின்றன. எனக்கு ஒரு டீ வந்தது. பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து போனைத் தடவிக்கொண்டிருந்தேன். வேலை செய்த பையனை நடுவில் யாரோ கூப்பிட்டார்கள், போய்விட்டு வந்தான். 'டர்ர்... டர்ர்...' என்று ஏர் கன் சத்தம் கேட்டது. நாலு சக்கரத்துக்கும் கேட்டதா என்று எண்ணவில்லை. யார்தான் எண்ணுவார்கள்? பணத்தைக் கொடுத்துவிட்டுக் கிளம்பிவிட்டேன். பில்கூட வாங்கவில்லை.

மறுநாள் காலை ஐந்தரை மணி. பின் சீட்டில் அம்மா, மடியில் பூப் பை. மேலப்பாளையம் தாண்டும்வரை ஒன்றும் தெரியவில்லை. மேலச்செவல் பக்கம் ஸ்டியரிங் லேசாகக் கையை உதறியது. கொஞ்ச நேரத்தில் 'கட கட' என்று ஒரு சத்தம். வேகத்தைக் குறைத்தால் சத்தமும் மெதுவாகிறது. பாட்டை நிறுத்தினேன்.

“ஏல, வண்டி நொண்டுதுல” என்றாள் அம்மா.

“ரோடு அப்படிம்மா.”

“ரோடு எங்கயாவது நொண்டுமால? வண்டிதான் நொண்டும். ஓரமா நிறுத்து.”

பத்தமடைக்குள் நுழைகிற இடத்தில் நிறுத்தினேன். பஞ்சர் கடையை அப்போதுதான் திறந்துகொண்டிருந்தார் ஒரு பெரியவர். வலது முன் சக்கரத்தின் கப்பை அவர் நெம்பி எடுத்தவுடன், அதற்குள்ளிருந்து ஒரு நட்டு 'டங்' என்று கீழே விழுந்து உருண்டது. இன்னும் இரண்டு நட்டை ஸ்பேனர் இல்லாமல் விரலாலேயே சுற்றிக் கழற்றிக் காட்டினார். மிச்சம் ஒன்றே ஒன்றுதான் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது. “எவன் மாட்டுனான் இத?” என்று கேட்டவர், நான் வாய் திறப்பதற்குள், “கல்யாணத்துக்கா போறிய? ஒங்களுக்கு நல்ல நேரந்தான், போங்க” என்றார்.

சக்கரத்தைக் கழற்றினால் ரிம்மின் ஓட்டைகள் வட்டமாக இல்லை, முட்டை வடிவத்தில் இழுபட்டிருந்தன. இரண்டு போல்ட்டில் மரை மழுங்கிவிட்டது. பத்தமடை என்றால் ஊர் உலகத்துக்குப் பாய்தான் ஞாபகம் வரும். எனக்கு இனி அந்த நட்டு விழுந்த சத்தம்தான்.

கடையின் பெயரை எழுதப்போவதில்லை. எழுதினால் 'ஓ, அந்தக் கடையா' என்று நீங்கள் நிம்மதியாக அடுத்த கடைக்குப் போய்விடுவீர்கள். அவசரம், நடுவில் வந்த ஆள், கணக்கில்லாத ஏர் கன், போனில் மூழ்கிய வண்டிக்காரர். இந்த நாலும் இல்லாத கடையை வண்ணாரப்பேட்டையிலிருந்து பாபநாசம் வரை தேடிப் பாருங்கள்.

சக்கரத்தை நட்டுகள் எப்படிப் பிடித்திருக்கின்றன என்பது பலருக்கும் தெரியாது. போல்ட்டில் சக்கரம் தொங்கிக்கொண்டிருப்பதாக நினைக்கிறோம். அப்படி இல்லை. நட்டை முறுக்கும்போது போல்ட் கண்ணுக்குத் தெரியாத அளவு நீண்டு, இழுத்துப் பிடித்த ஸ்பிரிங் மாதிரி சக்கரத்தை ஹப்போடு அழுத்துகிறது. அந்த அழுத்தத்தில் உண்டாகும் உராய்வுதான் சுமையைத் தாங்குகிறது. அழுத்தம் போய்விட்டால் சக்கரம் ஒவ்வொரு சுற்றிலும் நகர்ந்து நகர்ந்து போல்ட்டை வெட்டும். அப்புறம் உடைவதற்கு நாள் கணக்கு இல்லை, கிலோமீட்டர் கணக்குதான்.

லூசாக விடுவது ஒரு வகை ஆபத்து என்றால், ஏர் கன்னை வைத்து வெறிகொண்டு முறுக்குவது இன்னொரு வகை. அளவுக்கு மீறி இழுத்த போல்ட் திரும்பப் பழைய நீளத்துக்கு வராது. மரை போகும், பிரேக் டிஸ்க் கோணிக்கொள்ளும். போதாததற்கு, ராத்திரி பதினொரு மணிக்கு நாங்குநேரி பக்கம் பஞ்சர் ஆனால் டிக்கியில் இருக்கும் ஸ்பேனரில் ஏறி நின்று மிதித்தாலும் நட்டு அசையாது. சின்னக் கார்களுக்கு இந்த முறுக்கு பெரும்பாலும் 85 முதல் 110 நியூட்டன் மீட்டருக்குள் வரும். உங்கள் வண்டிக்கு எவ்வளவு என்பது வண்டியோடு வந்த மேனுவலில் அச்சாகியிருக்கிறது. அதை அளந்து முறுக்கத்தான் டார்க் ரெஞ்ச் என்ற கருவி. சரியான முறுக்கு வந்ததும் 'டக்' என்று சத்தம் போட்டு நிறுத்தச் சொல்லும். பல கடைகளில் அது சுவரில் தொங்குகிறது. தொங்கிக்கொண்டேதான் இருக்கிறது.

மாட்டுவண்டி ஓட்டியவர்கள் கடையாணியைத் தொட்டுப் பார்க்காமல் மாட்டைப் பூட்டியதில்லை. 2024 ஆனித் திருவிழாவில் நெல்லையப்பர் தேரின் வடம் அடுத்தடுத்து அறுந்தபோது ஊரே கேட்டது: வடத்தை யார் பார்த்தார்கள், எப்போது பார்த்தார்கள்? நியாயமான கேள்வி. பெற்ற தாயையும் பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு போகிற நம் வண்டிச் சக்கரத்தைப் பற்றி அந்தக் கேள்வியை நாம் ஒரு நாளும் கேட்டதில்லை.

ஸ்டியரிங் நடுங்கினால் எல்லோரும் பேலன்சிங் என்றே நினைக்கிறோம். நானும் அப்படித்தான் ஏமாந்திருப்பேன். பேலன்ஸ் சரியில்லாத சக்கரம் பெரும்பாலும் 80, 100 வேகத்தில்தான் நடுங்கும். லூசான சக்கரம் நடக்கிற வேகத்திலும் ஆடும், சத்தம் போடும், போகப் போகக் கூடும். கடையிலிருந்து எடுத்த வண்டியில் புதிதாக ஒரு சத்தம் கேட்டால் 'வீட்டுக்குப் போய்ப் பார்ப்போம்' என்று ஓட்டாதீர்கள். நிறுத்துங்கள்.

காற்று விஷயத்திலும் நம் ஊரில் ஒரு விபரீத நம்பிக்கை உண்டு. சித்திரை வெயிலில் பாளையங்கோட்டை 100 டிகிரியைத் தாண்டும்போது, “வெயிலுக்கு வெடிச்சிரும் அண்ணாச்சி, காத்தக் கொறச்சு வைங்க” என்பார்கள். தலைகீழ் யோசனை இது. காற்று குறைந்த டயரின் பக்கவாட்டுச் சுவர் ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி விரிகிறது. அந்த மடக்கில்தான் சூடு ஏறுகிறது. நான்குவழிச் சாலையில் கயத்தாறு வரை ஒரே மூச்சாக விரட்டினால் உள்ளே இருக்கும் நூலும் ரப்பரும் பிரிந்துவிடலாம். வெடிக்கிற டயர்களில் பல, காற்று கூடி வெடித்தவை அல்ல, குறைந்து வெந்தவை. ஓட்டுநர் கதவைத் திறந்தால் ஒரு ஸ்டிக்கரில் அளவு இருக்கும். காலையில், டயர் குளிர்ந்திருக்கும்போது அந்த அளவுக்கு நிரப்புங்கள். கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்.

பக்கச் சுவரில் பட்ட ஓட்டையை ஒட்டித் தருகிறேன் என்று எவர் சொன்னாலும் கேட்காதீர்கள். அந்த இடம் மடங்கி விரிகிற இடம், ஒட்டு நிற்காது. செகண்ட்ஸ் டயர் மலிவாகக் கிடைக்கிறது என்றால் முதலில் அதன் பக்கத்தில் இருக்கும் நாலு எண்ணைப் படியுங்கள்: 2317 என்றிருந்தால் 2017-ஆம் வருடத்தின் 23-ஆவது வாரத்தில் செய்தது. பட்டன், அதாவது தரையில் படுகிற பள்ளமும் மேடும், நன்றாக இருக்கிறதே என்பார்கள். ரப்பருக்கு வயது பட்டனில் தெரியாது. பட்டனுக்கும் கணக்கு இருக்கிறது: மத்திய மோட்டார் வாகன விதிப்படி காருக்குக் குறைந்தது 1.6 மில்லிமீட்டர் பள்ளம் வேண்டும், பைக்குக்கும் ஆட்டோவுக்கும் 0.8.

டயர் வெடித்து யாராவது செத்தால் 'விதி முடிஞ்சிட்டு' என்று சொல்லி எழுந்துவிடுகிறோம். இன்சூரன்ஸ் கம்பெனி ஒன்று இதையே கோர்ட்டில் சொல்லிப் பார்த்தது. 2010 அக்டோபரில் புனேயிலிருந்து மும்பைக்குப் போன காரின் பின் டயர் வெடித்து, அதில் பயணம் செய்த ஒருவர் இறந்தார். டயர் வெடித்தது கடவுள் செயல், எனவே இழப்பீடு தரவேண்டியதில்லை என்று கம்பெனி வாதாடியது. பம்பாய் உயர் நீதிமன்றம் 2023-இல் அதை ஏற்கவில்லை. டயர் வெடிப்பது மனிதக் கவனக்குறைவு என்று சொல்லி, சுமார் ஒன்றேகால் கோடி ரூபாய் இழப்பீட்டை உறுதி செய்தது. ஓட்டுகிறவர் பயணத்துக்கு முன் டயரைப் பார்த்திருக்க வேண்டும் என்பதுதான் தீர்ப்பின் சாரம். அந்த 'பார்த்திருக்க வேண்டும்' என்பதில் நானும் இருக்கிறேன், நீங்களும் இருக்கிறீர்கள்.

லாரிகளின் கதை இன்னும் மோசம். புளியரை வழியாகக் கேரளத்துக்குக் கல்லும் எம்-சாண்டும் ஏற்றிப் போகும் டாரஸ் லாரிகளின் பின்னால் நான் இப்போதெல்லாம் ஒட்டிப் போவதில்லை. அவ்வளவு பாரத்தில் ஒரு சக்கரம் கழன்றால் அது உருளாது, குண்டு போல் பாயும். கனடாவில் நம் தமிழர்கள் நெருங்கி வாழும் ஒன்டாரியோ மாகாணத்தில் 1990-களின் நடுவில் லாரிச் சக்கரங்கள் கழன்று பறந்து, எதிரே காரில் வந்தவர்கள் உயிரை எடுத்தன. 1997-இல் சட்டம் வந்தது: சரக்கு வண்டியின் சக்கரம் கழன்றால் அபராதம் 2,000 முதல் 50,000 கனடா டாலர் வரை. 'நான் கவனமாகத்தான் இருந்தேன்' என்ற பேச்சுக்கே அங்கே இடமில்லை. சக்கரம் மாட்டுகிறவருக்குப் பயிற்சிச் சான்றிதழும் வேண்டும். இங்கே டயர் கடை போட ஒரு கம்ப்ரஸரும் ஒரு ஜாக்கியும் போதும்.

கடைப் பையன்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. அவர்கள் உயிரும் இதே வேலையில்தான் கிடக்கிறது. 2022 மே மாதம் ராய்ப்பூர் பக்கம் சில்தராவில் ஜேசிபி டயருக்குக் காற்று நிரப்பும்போது வெடித்து இரண்டு தொழிலாளிகள் செத்தார்கள். பெரிய டயருக்குக் கூண்டு வைத்து, தள்ளி நின்றுதான் காற்று அடிக்க வேண்டும். கூண்டு வாங்கித் தருகிற முதலாளி எத்தனை பேர்? லாரி டயருக்குக் காற்று பிடிக்கிற இடத்தில் உங்கள் பிள்ளைகளை வேடிக்கை பார்க்க விடாதீர்கள்.

இனிமேல் கடைக்குப் போனால் டீ வேண்டாம், நாற்காலி வேண்டாம், வண்டி பக்கத்தில் நில்லுங்கள். நட்டை முதலில் கையால் நாலு சுற்றுச் சுற்றுகிறாரா என்று பாருங்கள். எடுத்த எடுப்பில் ஏர் கன் வைத்தால் மரை கோணலாக ஏறும். ஒன்றை இறுக்கியதும் அதற்கு எதிரில் இருப்பதை இறுக்க வேண்டும், அடுத்ததை அல்ல. வண்டி ஜாக்கியிலிருந்து இறங்கித் தரையில் நின்றபின் கையாலோ டார்க் ரெஞ்சாலோ கடைசி முறுக்கு. அதை உங்கள் கண் முன்னால் செய்யச் சொல்லுங்கள். “என்ன அண்ணாச்சி, நம்பிக்கை இல்லியா?” என்று கேட்பார்கள். இல்லை என்று சொல்லுங்கள், கோபித்தால் கோபிக்கட்டும். பைக் என்றால் பின் ஆக்சில் நட்டையும் ஸ்ப்ளிட் பின்னையும் பார்த்துவிட்டு, பிரேக்கை ஒரு மிதி மிதித்துப் பார்த்த பிறகே வண்டியை நகர்த்துங்கள்.

பில் வாங்குங்கள். நான் வாங்காததால் என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை. பில் இருந்தால் இப்படி லூசாக மாட்டியதைச் சேவைக் குறைபாடு என்று காட்டலாம். இரண்டு வருடத்துக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம், வேலைக்குக் கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணமே கிடையாது. முதலில் யோசனை கேட்க 1915 என்ற எண் இருக்கிறது.

அப்புறம், மாட்டிய சக்கரம் ஓட ஓட உட்காரும். துருவும் தூசியும் நசுங்கி இடைவெளி விடும். அதனால் ஐம்பது, எண்பது கிலோமீட்டர் ஓடியதும் வண்டி ஆறினபின் நட்டுகளை மறுபடி ஒரு தடவை பார்க்க வேண்டும். பாளையங்கோட்டையிலிருந்து பாபநாசம் போய்ச் சேர்ந்தால் அந்தக் கணக்கு வந்துவிடும். குளிக்க இறங்கும் முன் ஐந்து நிமிஷம் போதும்.

ஸ்பேனர் டிக்கியில் ஸ்டெப்னிக்குப் பக்கத்தில் கிடக்கும். எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.