அகலத் திரை வாங்கப் போகிறீர்களா? ஒரு தாளை எடுத்துச் செல்லுங்கள்!



2020 மார்ச் 18-ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபோது நம் வீடுகளில் என்ன நடந்தது என்பது உங்களுக்கு நினைவிருக்கும். பள்ளிக்கூடம் கைத்தொலைபேசிக்குள் வந்துவிட்டது. ஒரே தொலைபேசியைச் சுற்றி இரண்டு பிள்ளைகள், மூன்று பிள்ளைகள். ஆசிரியர் அனுப்பிய பாடத்தைக் கண்களைச் சுருக்கிக்கொண்டு படித்தார்கள். அதன் பிறகுதான் பல குடும்பங்கள் வயிற்றைக் கட்டி, வாயைக் கட்டி ஒரு மடிக்கணினி வாங்கின.

மடிக்கணினி வந்தாலும் கழுத்து வலி போகவில்லை. குனிந்துகொண்டே படிக்கும் பிள்ளையைப் பார்த்து, “ஒரு பெரிய திரை வாங்கி இணைத்துவிட்டால் என்ன?” என்று நினைக்கிறீர்கள். நல்ல நினைப்புத்தான். ஆனால் அது சில நூறு வெள்ளி விவகாரம். பிரிக்பீல்ட்ஸ்வாசியும் கிள்ளான்வாசியும் இதற்காகப் போகும் இடம் பெரும்பாலும் புக்கிட் பிந்தாங்கில் உள்ள லோயாட் பிளாசாதான். 1999-இல் திறக்கப்பட்ட அந்தக் கட்டடத்தில் மாடிக்கு மாடி கணினிக் கடைகள். உள்ளே நுழைந்ததும் முதல் கேள்வி வரும்: “எத்தனை இன்ச் வேண்டும்?”

அந்தக் கேள்விக்கு அவசரப்பட்டுப் பதில் சொல்லிவிடாதீர்கள்!

மூலைக்கு மூலை அளவு

பெட்டியில் போட்டிருக்கும் இன்ச் கணக்கு, திரையின் ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்குச் சாய்வாக அளந்த கணக்கு. அகலமும் உயரமும் அதில் தெரிவதில்லை. குழப்பம் இங்கேதான் பிறக்கிறது.

முன்பு அலுவலகங்களில் இருந்த, ஏறக்குறையச் சதுரமான 19 இன்ச் தட்டைத் திரை உங்களுக்கு நினைவிருக்கலாம். அதன் உயரம் சுமார் 30 சென்டிமீட்டர். இன்று விற்கும் 22 இன்ச் அகலத் திரையின் உயரம் எவ்வளவு தெரியுமா? 27 சென்டிமீட்டர் சொச்சம்தான்! எண் கூடியிருக்கிறது, உயரம் குறைந்திருக்கிறது. பழைய 19-இன் உயரம் வேண்டுமென்றால் அகலத் திரையில் 24 இன்ச் வரை போக வேண்டும்.

ஏன் இப்படி? பழைய திரைகள் 4-க்கு 3, 5-க்கு 4 என்ற வடிவத்தில் இருந்தன. தொலைக்காட்சி 16-க்கு 9 என்ற வடிவத்துக்கு மாறியபோது கணினித் திரையும் அதன் பின்னால் போயிற்று. சினிமா பார்க்க அது பொருத்தம். திரை செய்பவருக்கும் இலாபம். ஒரே இன்ச் கணக்கில், நீண்டு ஒடுங்கிய திரைக்குப் பரப்பளவு குறைவு. ஆகவே கண்ணாடியும் குறைவு.

படம் பார்க்க அகலம் வேண்டும். பாடம் படிக்க உயரம் வேண்டும். உங்கள் வீட்டில் திரை எதற்கு என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்.

ஏ4 தாள் சொல்லும் உண்மை

கடைக்குப் போகும்போது கைப்பையில் ஓர் ஏ4 தாளை மடிக்காமல் வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளையின் பயிற்சித்தாள் எதுவானாலும் சரி. அதன் உயரம் 29.7 சென்டிமீட்டர், அகலம் 21. கடையில் உள்ள திரையின் மேல் தொடாமல் அந்தத் தாளை நிமிர்த்திப் பிடித்துப் பாருங்கள்.

22 இன்ச் திரையில் தாளின் தலையோ காலோ வெளியே நிற்கும். 24 இன்ச் திரை சுமார் 53 சென்டிமீட்டர் அகலமும் 30 சென்டிமீட்டர் உயரமும் உள்ளது. தாள் அதில் கச்சிதமாக அடங்கும். பக்கத்தில் இன்னொரு தாளுக்கும் இடமிருக்கும். இடப்பக்கம் ஆசிரியரின் பாடம், வலப்பக்கம் பிள்ளை எழுதும் பதில். படிக்கிற வீட்டுக்கு 24 போதும் என்று சொல்வது இதனால்தான். மேசை பெரிதாக இருந்தால் 27 பார்க்கலாம். அதன் உயரம் சுமார் 34 சென்டிமீட்டர்.

இன்னொரு வழியும் உண்டு. அலுவலகங்கள் கழித்துவிடும் திரைகளில் 16-க்கு 10 வடிவம் கிடைக்கும். அந்த 24 இன்ச் திரையின் உயரம் 32 சென்டிமீட்டருக்கு மேல். கை இறுக்கமாக உள்ள குடும்பம் பழையது என்று இதை ஒதுக்க வேண்டியதில்லை. திரை முழுவதையும் ஒருமுறை வெள்ளையாகவும் ஒருமுறை கறுப்பாகவும் வைத்து, கறையோ செத்த புள்ளியோ இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

தமிழ் எழுத்தைக் காட்டச் சொல்லுங்கள்

கடைக்காரர் உங்களுக்குக் கடலையும் மலையையும் வண்ணப்படமாகக் காட்டுவார். எந்தத் திரையிலும் அது அழகாகத்தான் இருக்கும். நீங்கள் ஒரு தமிழ் நாளிதழின் இணையப் பக்கத்தைத் திறக்கச் சொல்லுங்கள்.

நம் எழுத்து நுணுக்கமானது. ‘க’வுக்கும் ‘க்’குக்கும் இடையே ஒரு புள்ளிதான் வேறுபாடு. ‘லி’யும் ‘லீ’யும் ஒரு சிறு சுழியில் பிரிகின்றன. ‘ன’வுக்கும் ‘ண’வுக்கும் ஒரு சுழிதான் பேதம். திரையில் புள்ளிகள் நெருக்கமாக இல்லாவிட்டால் இவையெல்லாம் கலங்கிப் போகும். நம் நாட்டவரான முத்து நெடுமாறன் 1985-இல் முரசு மென்பொருளை உருவாக்கிய காலத்திலிருந்து கணினித் தமிழ் வெகுதூரம் வந்துவிட்டது. எழுத்துருக்களுக்குப் பஞ்சமில்லை. அவற்றைத் தெளிவாகக் காட்டுகிற திரையை நாம்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

கணக்கு இதுதான். ‘ஃபுல் எச்டி’ என்பது குறுக்கே 1920, நெடுக்கே 1080 புள்ளிகள். இதை 24 இன்ச்சில் பரப்பினால் ஓர் இன்ச்சுக்குச் சுமார் 92 புள்ளிகள் விழும். அதையே 27 இன்ச்சில் பரப்பினால் சுமார் 82 ஆகிவிடும். குழம்பு அதேதான், தண்ணீர் மட்டும் கூடுதல்! 27 வாங்குவதென்றால் 2560-க்கு 1440 உள்ளதாகப் பாருங்கள். அதில் சுமார் 109 புள்ளிகள் கிடைக்கும்.

ஐபிஎஸ் வகைத் திரையைப் பக்கவாட்டிலிருந்து பார்த்தாலும் நிறம் அவ்வளவாக மாறாது. ஒரு திரையைச் சுற்றி நான்கு பேர் உட்காரும் வீட்டுக்கு இது ஏற்றது. 144 ஹெர்ட்ஸ், வளைந்த திரை என்பவை பெரும்பாலும் விளையாட்டுப் பிரியர்களுக்கு. பாடத்துக்கும் வீட்டுக் கணக்குக்கும் அவை அவசியமில்லை.

உங்கள் மடிக்கணினியையும் கையோடு கொண்டுபோய் இணைத்துப் பாருங்கள். எச்டிஎம்ஐ துளை இரண்டிலும் இருந்தால் கவலையில்லை. டைப்-சி துளை மட்டும் இருந்தால் எச்சரிக்கை! எல்லா டைப்-சி துளையும் படத்தை அனுப்பாது.

வீட்டுக்கு வந்த பிறகு

கண்ணை விற்றுச் சித்திரம் வாங்கலாமா? திரையைக் கை நீட்டும் தூரத்தில் வையுங்கள். மேல் விளிம்பு கண் மட்டத்திலோ சற்றுக் கீழோ இருக்கட்டும். உயரம் மாற்றக்கூடிய கால் இருந்தால் தாத்தாவுக்கும் பேரனுக்கும் அது பொருந்தும். கால் மாறாவிட்டால் தடித்த புத்தகம் இரண்டு போதும். இருபார்வைக் கண்ணாடி போட்டவர்களுக்கு இன்னும் தாழ்வாக வைப்பது நல்லது. சன்னல் வெளிச்சம் திரைக்கு நேர் முன்னாலோ பின்னாலோ வேண்டாம், பக்கத்திலிருந்து வரட்டும். 20 நிமிடத்துக்கு ஒருமுறை, 20 அடி தள்ளியுள்ள பொருளை 20 விநாடி பார்க்கப் பிள்ளைகளைப் பழக்குங்கள்.

நம் கிள்ளான் பள்ளத்தாக்கில் மாலை இடி மின்னல் புதிதல்ல. வானம் கறுத்தால் சுவிட்சை மட்டும் அடைத்துவிட்டு இருந்துவிடாதீர்கள், பிளக்கையே பிடுங்கிவிடுங்கள். நீட்டிப்புக் கம்பி வாங்கும்போது சிரிம் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள்.

ரசீது பத்திரம்!

உத்தரவாதம் எத்தனை ஆண்டு, பழுதானால் மாற்றித் தருவார்களா, செத்த புள்ளிக்கு என்ன விதி என்பதைப் பணம் கொடுக்கும் முன்பே கேளுங்கள். வாய்ச்சொல்லை ரசீதில் எழுதி வாங்குங்கள். பெட்டியையும் உடனே வீசிவிடாதீர்கள்.

ஏமாற்றப்பட்டால் “நம் தலைவிதி” என்று இருக்க வேண்டாம். 1999-ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அமைந்த பயனீட்டாளர் நடுவர் மன்றம் நமக்காகவே இருக்கிறது. மனுக் கட்டணம் 5 வெள்ளி. 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கையை வழக்கறிஞர் இல்லாமலே, 3 ஆண்டுக்குள் அங்கே கொண்டுபோகலாம். அதற்கு ஆதாரம் உங்கள் கையிலுள்ள ரசீதுதான்.

விளம்பரத்தில் போட்ட எண்ணை நம்பிப் போகிறவர் பெட்டியை வாங்கி வருகிறார். தாளும் தமிழ்ப் பக்கமுமாகப் போகிறவர் தம் பிள்ளையின் கண்ணுக்கேற்ற திரையை வாங்கி வருகிறார். நீங்கள் இரண்டாமவராக இருங்கள்!