தாயின் கையில் ஐந்து ஷில்லிங்

குடும்பத்துக்கென வழங்கப்படும் பணம் தந்தையின் கையிற் சேர்ந்தால் என்ன, தாயின் கையிற் சேர்ந்தால் என்ன என்று சிலர் வினவலாம். இரண்டும் ஒன்றல்ல என்பதை நிலைநாட்டுவதற்காகக் கால் நூற்றாண்டுக்கு மேலாகப் போராடியவர் இங்கிலாந்தின் எலினோர் ராத்போன் அம்மையார்.

லிவர்பூலைச் சேர்ந்த செல்வ வணிகக் குடும்பமொன்றில் 1872ஆம் ஆண்டிற் பிறந்த இவர், ஒக்ஸ்போர்ட்டிற் கல்வி பயின்றார். எனினும் பட்டம் கிடைக்கவில்லை. அச்சர்வகலாசாலை பெண்களுக்குப் பட்டம் வழங்கத் தொடங்கியது 1920இலேயே ஆகும். 1909இல் லிவர்பூல் மாநகரசபைக்குத் தெரிவான முதற் பெண்மணியும் இவரே.

முதலாம் உலக மகாயுத்தத்தின்போது, போர்முனை சென்றவர்களின் மனைவியர்க்கு அரசாங்கம் உதவிப்பணம் அளித்தது. பிள்ளைகளின் தொகைக்கேற்ப அப்பணமும் கூடிற்று. லிவர்பூலில் அதனைப் பகிர்ந்தளிக்கும் பணியில் ஈடுபட்ட அம்மையார், பணம் தாயிடம் நேரே சேரும்போது பிள்ளைகள் நலமடைவதைக் கண்டார். தொழிலாளியின் கூலி அவன் செய்யும் வேலைக்கே அளக்கப்படுகின்றது. வீட்டில் எத்தனை வயிறுகள் உள்ளன என்பதை அது கேட்பதில்லை. ஆகவே பிள்ளைகளுக்கென அரசாங்கம் தனியே உதவ வேண்டும் என்று 1924இல் ஒரு நூலில் விரிவாக வாதித்தார்.

1929இல், பட்டதாரிகள் மட்டுமே வாக்களிக்கும் சர்வகலாசாலைத் தொகுதியொன்றிலிருந்து பாராளுமன்றம் சென்றார். எக்கட்சியையும் சாராத சுயேச்சை அங்கத்தவராக இறுதிவரை அங்கிருந்தார். அமைச்சர் பதவி எதனையும் அவர் வகித்ததில்லை. கேள்விகளும் மனுக்களும் சலியாத பேச்சுமே அவருடைய ஆயுதங்கள்.

1945இல் அவர் வேண்டிய மசோதா வந்தது. முதற் பிள்ளை தவிர்ந்த ஒவ்வொரு பிள்ளைக்கும் வாரம் ஐந்து ஷில்லிங். ஆனால் அப்பணத்துக்கு உரியவர் தந்தை என மசோதா கூறிற்று! வாழ்நாட் கனவு கைக்கெட்டிய வேளையில், ‘இந்த விதி மாறாவிடின் மசோதாவையே எதிர்த்து வாக்களிப்பேன்’ என்று அம்மையார் சபையில் உறுதியாகக் கூறினார். கிடைப்பதையும் இழக்க நேரிடலாம் என்பதை அவர் அறியாதவர் அல்லர். தாய்மாரை அவமதிக்கும் சட்டத்தைவிட அந்த இழப்பே மேல் எனக் கருதினார். ஈற்றில் அங்கத்தவர்கள் தம் விருப்பப்படி வாக்களிக்க அரசாங்கம் இடமளித்தது. தாய்மாருக்கே பணம் என்று சபை தீர்மானித்தது.

1946 ஆகஸ்ட் 6ஆந் தேதி தாய்மார் தபாற் கந்தோர்களில் முதற் பணத்தைப் பெற்றனர். அக்காட்சியைக் காண அம்மையார் உயிரோடிருக்கவில்லை; அவ்வாண்டு ஜனவரி 2ஆந் தேதியே காலமாகிவிட்டார். முதற் பிள்ளைக்கும் உதவி கிடைக்க 1977வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

சட்டங்களை ஆக்குவோர் பெரும் தொகைகளைப் பற்றியே பேசுவது வழக்கம். அத்தொகை வீட்டில் எவர் கையைச் சென்றடைகின்றது என்று கேட்பதற்கும் ஒருவர் வேண்டுமன்றோ?