தீர்ப்புச் சொல்லாத மேசை

பாகப்பிரிவினை வழக்கு என்றால் நம் ஊரில் அது பேரன் காலம் வரை இழுக்கும். தீர்ப்பு வந்தால் அப்பீல், அதற்குப் பின் நிறைவேற்று மனு. இடையில் எத்தனையோ கல்யாணம், காதுகுத்து. கூடப்பிறந்தவர்கள் எதிலும் ஒன்றாக நிற்பதில்லை. இவர்களுக்கான இன்னொரு கதவு நீதிமன்ற வளாகத்துக்குள்ளேயே இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாமல் போவதுதான் என் ஆதங்கம்.

வழக்குகளைச் சமரசத்துக்கு அனுப்பும், சிவில் நடைமுறைச் சட்டத்தின் 89-வது பிரிவு 2002-ல் நடைமுறைக்கு வந்தது. நீதிமன்றத்தோடு இணைந்த நாட்டின் முதல் சமரச மையம் 2005 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றத்தில் தொடங்கியது. மூத்த வழக்கறிஞர் ஸ்ரீராம் பஞ்சு அதை முன்னின்று உருவாக்கினார்.

அங்கே கூண்டு கிடையாது, உயர்ந்த மேடையும் கிடையாது. பயிற்சி பெற்ற சமரசர் இரு தரப்போடும் சமமாக உட்கார்ந்து, "முடிவு உங்களுடையது" என்று சொல்லித்தான் ஆரம்பிப்பார். பிறகு ஒவ்வொருவரையும் தனியாகவும் கேட்பார். வழக்கு மனுவில் சர்வே எண்ணும் நான்கெல்லையும்தான் இருக்கும். "அப்பா படுக்கையில் கிடந்த காலத்தில் நான்தானே பார்த்தேன், ஒரு வார்த்தை கேட்டானா?" என்ற தங்கையின் குமுறலுக்கு அதில் இடமில்லை. அது இந்த அறையில்தான் வெளியே வரும். அது வந்த பிறகு நிலக்கணக்கு பேசுவது எளிதாகிவிடும்.

தனியாகச் சொன்னதை அனுமதியில்லாமல் எதிர்த்தரப்பிடம் சமரசர் சொல்லக் கூடாது. பேச்சு முறிந்தால், 'சமரசம் ஏற்படவில்லை' என்பதற்கு மேல் நீதிமன்றத்துக்கு எதுவும் எழுதக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2010-லேயே சொல்லிவிட்டது. மனம் திறந்து பேச இந்தக் காப்பு அவசியம்.

உடன்பட்டால் ஒப்பந்தம் எழுதிக் கையெழுத்திடுவார்கள். நீதிமன்றம் அதைத் தீர்ப்பாணையாக்கும். கட்டிய நீதிமன்றக் கட்டணமும் முழுதாகத் திரும்பக் கிடைக்கும். 2023-ல் இயற்றப்பட்ட சமரசச் சட்டம் 120 நாள் கெடு வைக்கிறது. இரு தரப்பும் சம்மதித்தால் இன்னும் 60 நாள்.

கணவன்-மனைவி வழக்குகளும் இங்கே வருவதால், ஒரு விஷயத்தில் கறாராக இருக்க வேண்டும். அடிபட்டு வந்து நிற்கும் பெண்ணிடம் "கொஞ்சம் அனுசரிச்சுப் போம்மா" என்று எவர் சொன்னாலும் அது சமரசம் ஆகாது, கட்டப்பஞ்சாயத்துதான். 'முடியாது' என்று சொல்லிவிட்டு எந்த இழப்பும் இல்லாமல் வழக்குக்குத் திரும்பும் உரிமை அவளுக்கு அந்த அறையில் இருந்தாக வேண்டும். வழக்குச் சுமையைக் குறைக்கும் அவசரத்தில் இதை எந்த மையமும் விட்டுக்கொடுக்கக் கூடாது.

நீதிபதியே அனுப்பட்டும் என்று காத்திருக்க வேண்டியதில்லை. வழக்கு எந்தக் கட்டத்தில் இருந்தாலும், சமரசத்துக்கு அனுப்பும்படி உங்கள் வழக்கறிஞர் மூலம் அடுத்த வாய்தாவிலேயே கேட்கலாம்.