விமானி அறையில் எழுந்த வினா

ஒருவரால் முடிக்கவியலாத பணியைப் பலர் சேர்ந்து செய்யத் தொடங்கும்போதே இரண்டு வினாக்கள் எழுகின்றன. எந்தப் பணியை யார் செய்வது? இறுதி முடிவை யார் எடுப்பது? இவற்றுக்கு விடைகாணும் ஏற்பாட்டையே நிறுவனக் கட்டமைப்பு என்கிறோம். ஆலையாயினும் அலுவலகமாயினும், ஆணை மேலிருந்து கீழே செல்லும் வழியைப் பெரும்பாலும் தெளிவாக வகுத்துவிடுகின்றனர். கீழே இருப்பவர் கண்ட ஆபத்து மேலே இருப்பவரின் செவிக்கு எட்டும் வழியை வகுப்பதுதான் விடுபட்டுப்போகிறது. இதனைப் பெரும் உயிரிழப்புக்குப் பின்னரே கற்றுக்கொண்டது விமானப் போக்குவரத்துத் துறை.

மூவர் குழு

1970களில் பெரிய பயணியர் விமானத்தின் விமானி அறையில் மூவர் அமர்ந்திருப்பர். விமானத்தின் முழுப் பொறுப்பும் தலைமை விமானியைச் சார்ந்தது. துணை விமானி அவருக்கு உதவுவார். எரிபொருளையும் எந்திரங்களையும் விமானப் பொறியாளர் கவனித்துவருவார். பணிப்பகிர்வில் குறையேதும் இல்லை. ஆயினும், தலைமை விமானியே தவறும்போது மற்ற இருவரும் என்ன செய்ய வேண்டும் என்பது தெளிவாகப் பயிற்றுவிக்கப்படவில்லை.

1977 மார்ச் 27 அன்று, ஸ்பெயினுக்குரிய டெனரீஃப் தீவின் லாஸ் ரோடியோஸ் விமான நிலையத்தில் மூடுபனி சூழ்ந்திருந்தது. அருகிலுள்ள தீவின் விமான நிலையத்தில் குண்டு வெடித்ததால் பல விமானங்கள் இங்குத் திருப்பிவிடப்பட்டிருந்தன. அவற்றுள் நெதர்லாந்தின் கே.எல்.எம். விமானமும் அமெரிக்காவின் பான் ஆம் விமானமும் அடங்கும். இரண்டுமே போயிங் 747 வகையைச் சேர்ந்தவை. கே.எல்.எம். விமானத்தின் தலைமை விமானி, அந்நிறுவனத்தில் பிற விமானிகளுக்குப் பயிற்சியளித்தவர். விளம்பரங்களில் படம் இடம்பெறும் அளவிற்குப் புகழ் பெற்றவர். அவருடன் இருந்த துணை விமானிக்கு 747 விமானத்தை ஓட்டும் தகுதியை அண்மையில் சோதித்து வழங்கியவரும் அவரே.

ஓடுபாதையின் முனையில் தலைமை விமானி எந்திர விசையைக் கூட்டினார். கட்டுப்பாட்டுக் கோபுரத்தின் அனுமதி இன்னும் வரவில்லை என்று துணை விமானி நினைவூட்ட, விசை குறைக்கப்பட்டது. சற்று நேரத்தில், புறப்பட்டபின் செல்ல வேண்டிய வழி பற்றிய குறிப்பு மட்டும் கோபுரத்திலிருந்து வந்தது. மேலெழும்புவதற்கான அனுமதி அதில் இல்லை. விமானமோ ஓடத் தொடங்கிவிட்டது. முதன்முறை தடுத்த துணை விமானி இம்முறை தடுக்கவில்லை. வானொலியில் பான் ஆம் விமானத்தின் குரலைக் கேட்ட பொறியாளர், அவ்விமானம் ஓடுபாதையை விட்டு இன்னும் விலகவில்லையோ என்று வினவினார். விலகிவிட்டது என உறுதியாக விடையளித்தார் தலைமை விமானி. பொறியாளர் மேற்கொண்டு வற்புறுத்தவில்லை. சில நொடிகளில் இரு விமானங்களும் மோதின. 583 பேர் உயிரிழந்தனர். தம் ஐயத்தைப் பொறியாளர் ஏன் அத்தோடு நிறுத்தினார் என்பதைக் கேட்டறிய வழியில்லை. மோதிய அவ்விமானத்தில் இருந்தோர் எவரும் பிழைக்கவில்லை.

மூடுபனி, ஒரே நேரத்தில் இருவர் பேசியதால் சிதைந்த வானொலிச் செய்தி, தெளிவற்ற சொற்கள் எனக் காரணங்கள் பல இருந்தன. எனினும், சரியான வினா உரிய நேரத்தில் எழுந்தும் பயனற்றுப்போனதே இதில் நெஞ்சை உறுத்துவது.

அடுத்த ஆண்டு டிசம்பரில் அமெரிக்காவின் போர்ட்லாந்து நகரருகே நேர்ந்த விபத்திலும் இதே குறை வெளிப்பட்டது. தரையிறங்கு சக்கரத்தில் ஏற்பட்ட கோளாற்றிலேயே தலைமை விமானியின் கவனம் நிலைத்திருக்க, விமானம் நெடுநேரம் வானில் வட்டமிட்டது. எரிபொருள் குறைவதை மற்றவர்கள் குறிப்பாகச் சொன்னார்களேயன்றி அழுத்திச் சொல்லவில்லை. எரிபொருள் தீர்ந்து விமானம் வீழ்ந்ததில் 10 பேர் இறந்தனர்.

புதிய பயிற்சி

1979இல் நாசா நடத்திய பயிலரங்கு இச்சிக்கலை நேரடியாக ஆராய்ந்தது. அதன்வழி உருவான பயிற்சியைக் குழுவள மேலாண்மை என்பர். தலைமை விமானியின் அதிகாரத்தை இப்பயிற்சி பறிக்கவில்லை. பிறர் கூறுவதைக் கேட்டறிவதை அவருடைய கடமைகளுள் ஒன்றாக்கியது. ஐயத்தை வெளியிடுவதை மற்றவர்களின் கடமையாக்கியது. குறிப்பாகச் சொல்லிப் பயனில்லையெனில் வெளிப்படையாகச் சொல்லவும், மாற்றுவழி கூறவும், இறுதியில் தலையிடவும் அவர்கள் பயிற்றுவிக்கப்பட்டனர். துணிவுள்ளவர் பேசட்டும் என்று தனிமனித இயல்பை நம்பியிருப்பது கட்டமைப்பு ஆகாதல்லவா? இன்று ஒருவர் விமானத்தை இயக்க, மற்றவர் கண்காணிப்பாளராகச் செயற்படுகிறார். தலைமை விமானியே கண்காணிப்பாளராக அமர்வதும் உண்டு. வானொலியில் பயன்படும் சொற்களும் திருத்தப்பட்டன. மேலெழும்புதல் என்னும் சொல்லை அதற்குரிய அனுமதியை வழங்கும்போதோ விலக்கும்போதோ மட்டுமே ஆள வேண்டும். ஏனைய இடங்களில் புறப்பாடு என்றே கூற வேண்டும்.

கேள்வி கேட்க இடமளித்தால் தலைமை வலுவிழக்கும் என்று அஞ்சியோரும் இருந்தனர். 1989 ஜூலை 19 அன்று அமெரிக்காவின் சூ நகரில் நிகழ்ந்தது அவர்களுக்கு விடையாக அமைந்தது. நடுவானில் டி.சி.10 விமானமொன்றின் வால்பகுதி எந்திரம் வெடித்தது. விமானத்தைத் திருப்ப உதவும் மூன்று ஹைட்ராலிக் அமைப்புகளும் செயலிழந்தன. இந்நிலைக்கென எந்தக் கையேட்டிலும் வழிமுறை இல்லை. தலைமை விமானி ஆல் ஹெய்ன்ஸ், பயணியாக வந்திருந்த பயிற்சி விமானி டெனிஸ் ஃபிட்சை அறைக்குள் அழைத்துக்கொண்டார். எஞ்சிய இரு எந்திரங்களின் விசையைக் கூட்டியும் குறைத்தும் ஃபிட்ச் விமானத்தைத் திருப்ப, நால்வரும் கலந்து பேசி அதனை ஓடுபாதைவரை கொண்டுவந்தனர். தரையில் மோதி விமானம் சிதறியபோதும், அதிலிருந்த 296 பேரில் 184 பேர் பிழைத்தனர். இதற்குக் குழுவள மேலாண்மைப் பயிற்சியே காரணம் என ஹெய்ன்ஸ் பின்னர்ப் பலமுறை கூறினார்.

இப்பாடத்தை மருத்துவத் துறையும் எடுத்துக்கொண்டது. உலகச் சுகாதார நிறுவனம் 2008இல் வெளியிட்ட அறுவை மருத்துவப் பாதுகாப்புப் பட்டியலின்படி, உடலில் கத்தி படுமுன் குழுவினர் ஒவ்வொருவரும் தம் பெயரையும் பணியையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். தொடக்கத்திலேயே ஒருமுறை பேசிவிட்ட இளம் செவிலியர், பிழையொன்றைக் காணும்போது மூத்த மருத்துவரிடம் அதைச் சொல்ல அவ்வளவாகத் தயங்கமாட்டார் என்பதே இந்த ஏற்பாட்டின் நோக்கம்.