விளையாட்டைத் தாங்கி நிற்பவை

கிரிக்கெட் ஆட ஒரு மட்டையும் பந்தும் தெருமுனையும் போதும். நம் நாட்டின் மரபு விளையாட்டுகள் பலவற்றுக்கோ அத்தனை எளிதில் கிடைக்காத ஒன்று தேவைப்படுகிறது. ஓர் ஊரே கூடி வாங்க வேண்டிய படகு, ஆண்டுக்கணக்கில் பொறுமையுடன் கற்பிக்கும் ஆசான், சட்டத்தின் இசைவு, ஒரு குறிப்பிட்ட இன விலங்கு என்று அத்தேவை ஆட்டத்துக்கு ஆட்டம் வேறுபடும். அது நிறைவேறும்வரை ஆட்டம் நிலைக்கும். அது குறையத் தொடங்கினால், மக்களிடம் ஆர்வம் எவ்வளவு இருப்பினும் ஆட்டம் தேயும். நான்கு மாநிலங்களைச் சேர்ந்த நான்கு விளையாட்டுகளை இவ்வகையில் நோக்குவோம்.

ஊரார் பணத்தில் ஓடும் வள்ளம்

கேரளத்தின் சுண்டன் வள்ளத்தை நாம் பாம்புப் படகு என்று அறிவோம். நூறடிக்கும் மேற்பட்ட நீளமும், படமெடுத்த நாகம்போல் உயர்ந்து நிற்கும் பின்பகுதியும் கொண்ட இப்படகு ஆஞ்சிலி மரத்தால் கட்டப்படுவது. துடுப்பு வலிப்போர், பின்புறம் நின்று திசை செலுத்துவோர், தாளம் தவறாமல் வஞ்சிப்பாட்டுப் பாடுவோர் என ஏறத்தாழ நூறு பேர் இதில் ஏறுவர். ஒருவர் துடுப்பு சற்றே பிந்தினாலும் படகின் ஓட்டம் தடைப்படும். எனவே பாட்டு இங்கே அலங்காரம் அன்று. அத்தனை கைகளையும் ஒரே கணத்தில் நீரில் இறக்கும் கருவி அதுவே.

1952ஆம் ஆண்டு பிரதமர் ஜவாஹர்லால் நேரு கேரளத்துக்கு வந்தபோது அவரை வரவேற்க ஒரு படகுப் போட்டி நடத்தப்பட்டது. போட்டியைக் கண்டு மகிழ்ந்த அவர், வென்ற படகிலேயே தாவி ஏறினார். தில்லி திரும்பியபின் சுண்டன் வள்ளத்தின் வடிவில் அமைந்த வெள்ளிக் கோப்பையொன்றை அனுப்பிவைத்தார். ஆலப்புழையின் புன்னமடைக் காயலில் இன்று நடைபெறும் நேரு கோப்பைப் போட்டியின் தொடக்கம் இதுவே.

சேமிப்பின் அருமை அறிந்த நம் வாசகர்கள் இங்கே கவனிக்கத்தக்க செய்தி ஒன்று உண்டு. இப்படகுகளில் பல தனிமனிதரின் உடைமைகள் அல்ல. ஊர் மக்கள் பங்குப்பணம் செலுத்திப் படகைக் கட்டுவித்து, பொதுச் சொத்தாகப் பேணி வருகின்றனர். மரம், தச்சர் கூலி, ஆண்டுதோறும் பழுதுபார்ப்பு, போட்டிக்கு முன் பல நாள் நடைபெறும் பயிற்சியின்போது துடுப்பாளர்களுக்கு உணவு என்று செலவு வரிசையாக வந்துகொண்டே இருக்கும். ஒரு குடும்பம் மட்டும் தாங்கவியலாத இச்சுமையைப் பல நூறு குடும்பங்கள் பகிர்ந்துகொள்வதால் படகு மிதக்கிறது. 2019ஆம் ஆண்டு கேரளச் சுற்றுலாத் துறை தொடங்கிய சாம்பியன்ஸ் படகு லீக், பரிசுப் பணத்தையும் புதிய பார்வையாளர்களையும் கொணர்ந்தது. எனினும் அடித்தளமாக இருப்பது இன்றும் ஊரின் பொதுப்பையே.

ஆசான் காத்த கம்பம்

மல்லகம்பம் என்பது மல்லரின் கம்பம். மற்போர் பழகுவோர் எதிராளி இல்லாத வேளையில் ஒரு மரத்தூணைப் பற்றிப் பிடிகளைப் பயின்றனர். அப்பயிற்சியே நாளடைவில் தனிக் கலையாக வளர்ந்தது. 12ஆம் நூற்றாண்டில் சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரன் இயற்றிய மானசோல்லாசத்தில் இதைப் பற்றிய குறிப்பு உள்ளது. பின்னர் வழக்கொழிந்திருந்த இதனை, 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பேஷ்வா இரண்டாம் பாஜிராவின் ஆசானாக விளங்கிய பாலம்பட்ட தாதா தேவதர் மீட்டெடுத்தார்.

நிலத்தில் நட்ட கம்பம் ஏறத்தாழ எட்டரை அடி உயரம் உடையது. மேலே செல்லச் செல்ல மெலிவது. தேக்கு முதலிய வன்மரத்தால் ஆகிய அதன்மீது ஆமணக்கெண்ணெய் பூசப்படும். தோல் உராய்ந்து புண்ணாகாதிருக்க எண்ணெய் உதவும். அதுவே பிடியை வழுக்கவும் செய்யும். இவ்விரண்டுக்கும் இடையில், தொடையாலும் கால்விரலாலும் கம்பத்தைப் பற்றி ஆடுபவர் தலைகீழாக நிற்பார். ஒற்றைக் கையில் உடலைத் தாங்குவார். தொங்கும் கம்பத்திலும் கயிற்றிலும் ஆடும் வகைகளும் உள.

இக்கலைக்கு வேண்டிய முதலீடு குறைவு. ஒரு கம்பமோ கயிறோ சிறிது எண்ணெயோ இருந்தால் போதும். ஆனால் விழும் சிறுவனை ஏந்தும் கையும், மீண்டும் ஏறச் சொல்லும் குரலும் இன்றி இது வளராது. மகாராட்டிரத்தின் உடற்பயிற்சிக் கழகங்கள் அக்கையாகவும் குரலாகவும் விளங்கின. அமராவதியைச் சேர்ந்த அனுமான் வியாயாம் பிரசாரக் மண்டலத்தின் குழுவொன்று 1936ஆம் ஆண்டு பெர்லின் ஒலிம்பிக்கை ஒட்டி நம் மரபு விளையாட்டுகளை நிகழ்த்திக் காட்டியது. மும்பையில் பார்வையற்ற பிள்ளைகளுக்கும் மல்லகம்பம் கற்பித்த பயிற்றுநர் உதய் தேஷ்பாண்டேவுக்கு 2024இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. மத்தியப் பிரதேசம் 2013இல் இதனைத் தன் மாநில விளையாட்டாக அறிவித்தது. தமிழ்நாட்டில் விழுப்புரம் இக்கலையின் பயிற்சிக் களமாக விளங்குவதும், நல்லாசான் வாய்த்த இடத்தில் கம்பம் வேரூன்றும் என்பதற்குச் சான்றாகும்.

சட்டத்தின் வாயிலில் நின்ற ஆட்டம்

கர்நாடகத்தின் தட்சிண கன்னட, உடுப்பி மாவட்டங்களில் அறுவடைக்குப்பின் நடைபெறுவது கம்பளா. சேறும் நீரும் நிறைந்த நீண்ட தடத்தில் ஓர் இணை எருமைக் கடாக்கள் பாய, அவற்றின் பின்னே ஒருவர் ஓடுவார். ஒரு பிரிவில் வேகம் வெற்றியை முடிவுசெய்யும். மற்றொரு பிரிவில், எருமைகள் இழுக்கும் பலகையின் மீது ஒருவர் நிற்க, அப்பலகையின் துளைகள் வழியே பீறிட்டெழும் நீர் எவ்வளவு உயரம் எட்டுகிறது என்பதே அளவுகோல்.

சல்லிக்கட்டு குறித்து உச்ச நீதிமன்றம் 2014இல் அளித்த தீர்ப்பின் விளைவு கம்பளாவையும் தொட்டது. அதன்பின் கர்நாடகம் தன் சட்டத்தைத் திருத்தியது. 2023 மே 18 அன்று ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசமைப்பு அமர்வு, தமிழ்நாடு, கர்நாடகம், மகாராட்டிரம் ஆகிய மூன்று மாநிலங்களின் திருத்தச் சட்டங்களும் செல்லும் எனத் தீர்ப்பளித்தது. விதிகளைக் கண்டிப்புடன் நடைமுறைப்படுத்தவும் பணித்தது. விலங்குக்கு நேரும் துன்பத்தைக் குறைப்பதே இவ்வாட்டம் தொடர்வதற்கான நிபந்தனை. அதனைக் காப்பது ஆடுவோரின் பொறுப்பும் ஆகும்.

குறைந்துவரும் குதிரைகள்

மணிப்பூரின் சகோல் காங்ஜெயே இன்றைய போலோவின் தாய். சகோல் என்பது குதிரை. பக்கத்துக்கு எழுவர் மட்டக்குதிரைகள்மீது அமர்ந்து, மூங்கில் வேரினால் செய்த பந்தைக் கோலால் அடிப்பர். இலக்குக் கம்பங்கள் கிடையா. எதிரணியின் எல்லைக்கோட்டைப் பந்து கடந்தால் அது ஒரு வெற்றிப்புள்ளி. கச்சார் பகுதியில் பணியாற்றிய ஆங்கிலேய அதிகாரிகளும் தேயிலைத் தோட்டத்தாரும் மணிப்பூரிகள் ஆடுவதைக் கண்டு தாமும் கற்றனர். 1859இல் சில்சாரில் ஒரு போலோ மன்றமும், 1862இல் கல்கத்தாவில் மற்றொன்றும் தோன்றின. அங்கிருந்து ஆட்டம் உலகெங்கும் பரவியது. இம்பாலின் நடுவே உள்ள மபல் காங்ஜெய்புங் திடல், இன்றும் ஆட்டம் நடைபெறும் போலோ திடல்களுள் மிகப் பழமையானதாக மதிக்கப்படுகிறது.

உலகுக்கு ஆட்டத்தைத் தந்த அக்குதிரையோ அருகி வருகிறது. நான்கடி உயரமே உடைய இம்மட்டக்குதிரைகள் 2003ஆம் ஆண்டுக் கால்நடைக் கணக்கெடுப்பில் 1,898 இருந்தன. 2012இல் 1,101 ஆகவும், 2019இல் 1,089 ஆகவும் குறைந்தன. இவற்றை மேய்ச்சலுக்கு அவிழ்த்துவிடுவது அங்குள்ள மரபு. இம்பாலைச் சூழ்ந்த ஈரநிலங்கள் கட்டடங்களாக மாற, மேய்ச்சலிழந்த குதிரைகள் சாலைகளில் குப்பை தேடி அலைகின்றன, வாகனங்களில் அடிபடுகின்றன. ஆட்டம் தவிர வேறு வருவாய் தராத குதிரையை வளர்ப்பது எளிய குடும்பத்துக்குப் பெருஞ்சுமை. ஆட்டக்காரர்களுள் பலர் அத்தகைய எளிய குடும்பத்தினரே.

மணிப்பூர் அரசு 2016இல் இக்குதிரையினத்தின் பாதுகாப்புக்கெனத் தனிக் கொள்கை வகுத்தது. ஆர்வலர்கள் காப்பிடங்களை நடத்துகின்றனர். பெண்கள் அணிகளும் களமிறங்குகின்றன. ஆயினும் மேய்ச்சல் நிலம் மீளாதவரை இம்முயற்சிகள் முழுப்பயன் தாரா. படகு பழுதானால் ஊர் கூடிப் புதிதாகக் கட்டலாம். கம்பம் முறிந்தால் வேறு நடலாம். ஓர் இனக் குதிரை அற்றுப்போனால் எந்தப் பொதுப்பையாலும் அதனை மீட்க இயலாது.

விடுமுறைப் பயணம் திட்டமிடும் வாசகர்கள் இவ்வாட்டங்களையும் கருத்தில் கொள்ளலாம். நேரு கோப்பைப் போட்டி வழக்கமாக ஆகஸ்ட் மாதத்திலும், கம்பளா நவம்பர் முதல் மார்ச் வரையிலும் நடைபெறும். புறப்படுமுன் அவ்வாண்டுக்குரிய தேதியை உறுதிசெய்துகொள்வது நன்று. நாம் வாங்கும் நுழைவுச்சீட்டும், தங்கும் விடுதிக்குத் தரும் வாடகையும், அவ்வூர்க் கடையில் அருந்தும் தேநீரும்கூட இவ்விளையாட்டுகளைத் தாங்கி நிற்கும் ஊர்களுக்கே சென்று சேர்கின்றன.