12 வயதிலும் சுடலாம், 63 வயதிலும் சுடலாம்: குறிபார்த்துச் சுடுவது யாருக்குச் சரிவரும்?

2024 பாரிஸ் ஒலிம்பிக் நேரம். எல்லார் தொலைபேசியிலும் அந்தத் துருக்கிக்காரர்தான். சாதாரண மூக்குக் கண்ணாடி, டி-ஷர்ட், ஒரு கை பாக்கெட்டில். யூசுஃப் டிகேச் அப்படி நின்றுகொண்டே சுட்டு, கலப்பு அணிப் பிரிவில் வெள்ளிப் பதக்கம் வாங்கினார்.

"அந்த ஆளுக்கு 51 வயசாம். எனக்கு 63. ஏன், என்னால முடியாதா?" என்று கேட்டார் என் அப்பா.

"நானும் வரேன் தாத்தா" என்றான் என் 12 வயது மகன்.

சமையலறையிலிருந்து அம்மாவின் குரல்: "துப்பாக்கியா? இந்த ஊர்லயா? போலீஸ் வந்து கேட்டா யாரு பதில் சொல்றது?"

மூன்றுமே நியாயமான கேள்விகள். உங்கள் வீட்டிலும் இப்படி யாராவது கேட்டிருக்கலாம். அம்மாவின் கேள்வியிலிருந்தே ஆரம்பிப்போம்.

சிங்கப்பூரில் இதற்கு அனுமதி உண்டா?

உண்டு. ஆனால் கிளப்பில் மட்டும்.

துப்பாக்கி விஷயத்தில் நம் சட்டம் எவ்வளவு கடுமையானது என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். 1973ஆம் ஆண்டின் ஆயுதக் குற்றச் சட்டப்படி, சட்டவிரோதமாகத் துப்பாக்கி வைத்திருந்தால் 5 முதல் 10 ஆண்டு வரை சிறை, குறைந்தது 6 பிரம்படி. ஒருவரைக் காயப்படுத்தும் எண்ணத்துடன் சுட்டால் மரண தண்டனை.

பலர் கவனிக்காத ஒன்று: அந்தச் சட்டத்தில் 'துப்பாக்கி' என்றால் காற்றழுத்தத்தில் இயங்குவதும் சேர்த்திதான். "வெறும் ஏர் கன்தானே, இணையத்தில் வாங்கி வீட்டில் வைத்துப் பழகலாம்" என்று நினைக்கவே நினைக்காதீர்கள். வெளிநாட்டில் பொம்மை என்று விற்கப்படும் பெல்லட் துப்பாக்கியை விடுமுறைப் பயணத்தில் வாங்கி வந்தாலும் சிக்கல்தான்.

ஆகவே, உரிமம் பெற்ற கிளப்பில் சேர்ந்து, அங்கேயுள்ள துப்பாக்கியை, அங்கேயே, பயிற்றுவிப்பாளர் பார்க்கச் சுடுவதுதான் வழி. சாஃப்ராவுக்கும் ஹோம்டீம்என்எஸ்-க்கும் துப்பாக்கி சுடும் கிளப்புகள் உண்டு. சில உயர்நிலைப் பள்ளிகளில் இது இணைப்பாட நடவடிக்கை. குறைந்தபட்ச வயது, கட்டணம் எல்லாம் இடத்துக்கு இடம் மாறும். நேரில் போவதற்கு முன் ஒரு முறை அழைத்துக் கேட்டுவிடுங்கள்.

முதல் நாள் போனபோது எங்களுக்கு ஒரு மணி நேரம் சுடவே கொடுக்கவில்லை. துப்பாக்கி முனை எப்போதும் குறிப்பலகையை நோக்கியே இருக்க வேண்டும். குறி வைக்கும்வரை விரல் விசைக்கு வெளியே இருக்க வேண்டும். குழாய் காலியாக இருக்கிறது என்பதைக் காட்ட ஒரு சிறு பாதுகாப்புக் கொடியைச் செருகி வைக்க வேண்டும். "நிறுத்து" என்று கட்டளை வந்தால் பாதியில் இருந்தாலும் கீழே வைத்துவிட வேண்டும். இதையே திரும்பத் திரும்பச் சொன்னார்கள். வீடியோ விளையாட்டு மாதிரி இருக்கும் என்று நினைத்து வந்த என் மகனுக்குக் கொட்டாவி வந்துவிட்டது. என்னைக் கேட்டால், பிள்ளைக்கு இது பொருந்துமா என்று தெரிந்துகொள்ள அந்த ஒரு மணி நேரமே போதும்.

கை நடுங்கினால் குறி தவறுமா?

அப்பாவின் பெரிய கவலை இதுதான். அவர் தேநீர்க் கோப்பையைத் தூக்கினாலே லேசாக ஆடும்.

பதில் எனக்கே வியப்பாக இருந்தது. கொஞ்சம் கணக்குப் பார்ப்போம்.

ஏர் பிஸ்டல் போட்டியில் குறிப்பலகை 10 மீட்டர் தள்ளி இருக்கும். நடுவிலுள்ள 10 புள்ளி வட்டத்தின் விட்டம் 11.5 மில்லிமீட்டர். துப்பாக்கியின் மேல் இரண்டு குறிகள் இருக்கும். கண்ணுக்குப் பக்கத்தில் பிளவுபட்ட பின்குறி, முனையில் முன்குறி. இரண்டுக்கும் இடையே சுமார் 30 சென்டிமீட்டர்.

உங்கள் கை மொத்தமாக 5 மில்லிமீட்டர் பக்கவாட்டில் நகர்கிறது, ஆனால் இரண்டு குறிகளும் நேராகவே இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். குண்டும் 5 மில்லிமீட்டர்தான் தள்ளிப் போகும். அப்போதும் 10 புள்ளி கிடைக்கும்.

இப்போது கை ஆடவே இல்லை, ஆனால் முன்குறி பின்குறியின் நடுவில் இல்லாமல் 1 மில்லிமீட்டர் மட்டும் விலகியிருக்கிறது. 30 சென்டிமீட்டரில் வந்த அந்தப் பிசகு 10 மீட்டர் தூரம் போவதற்குள் 33 மடங்காகிவிடும். குண்டு மூன்றேகால் சென்டிமீட்டருக்கும் மேல் தள்ளி விழும். 10 கிடைக்க வேண்டிய இடத்தில் 6 கிடைக்கும்.

அதாவது கை லேசாக மிதப்பதால் வரும் நஷ்டம் கொஞ்சம்தான். கோணம் மாறினால்தான் பெரிய அடி. அந்தக் கோணம் பெரும்பாலும் எப்போது மாறுகிறது? ஆடும் கையை எப்படியாவது நிறுத்தி, 'இப்போ!' என்று விசையை வெடுக்கென்று இழுக்கும்போதுதான்.

அதனால் பயிற்றுவிப்பாளர் அப்பாவிடம் சொன்னது: "கை ஆடட்டும் அங்கிள். குறிப்பலகையைப் பார்க்காதீங்க, முன்குறியைப் பாருங்க. விசையை மெதுவா அழுத்துங்க. சில விநாடிகளில் சுட முடியலைன்னா கீழே இறக்கிடுங்க. மறுபடி தூக்கலாம்."

அந்த 'கீழே இறக்கிடுங்க' என்பதுதான் கடினமாம். தூக்கியாச்சு, சுட்டே ஆகணும் என்று தோன்றும். போட்டியில் 60 குண்டுகளுக்கு ஒன்றேகால் மணி நேரம் தருகிறார்கள், இறக்கி வைத்து மறுபடி தூக்க நேரம் தாராளமாக உண்டு.

வயதுக்கு வயது என்ன மாறும்?

பிள்ளைகள் சீக்கிரம் கற்றுக்கொள்வார்கள். தென்கொரியாவின் பான் ஹியோ ஜின் பாரிஸில் 10 மீட்டர் ஏர் ரைஃபிளில் தங்கம் வென்றபோது அவருக்கு 16 வயது. துப்பாக்கியைக் கையில் எடுத்து மூன்று ஆண்டுகள்தான் ஆகியிருந்தன, அதுவும் தோழி கூப்பிட்டதால் போனவர். நம் மார்ட்டினா லிண்ட்சே வெலோசோ 2014இல் மியூனிக் உலகக் கிண்ணப் போட்டியில் தங்கம் வென்றபோது அவருக்கு வயது 14. பிறகு 2018 காமன்வெல்த் விளையாட்டுகளில் இரண்டு தங்கம்.

பிள்ளைகளின் சிக்கல் எடை. போட்டி ரைஃபிள் ஐந்தரைக் கிலோ வரை இருக்கலாம். நின்று சுடும்போது முதுகைப் பின்னுக்கு வளைத்து, முழங்கையை இடுப்பில் ஊன்றி நிற்க வேண்டும். வளரும் பிள்ளைக்கு இதையே மணிக்கணக்கில் செய்யச் சொன்னால் முதுகு கேள்வி கேட்கும். ஆரம்பத்தில் துப்பாக்கியைத் தாங்க ஸ்டாண்ட் கொடுக்கிறார்களா, முதுகுக்கான உடற்பயிற்சி சொல்லித் தருகிறார்களா என்று கேளுங்கள். விறைப்பான சிறப்பு மேற்சட்டை, கால்சட்டை எல்லாம் விலை அதிகம், பிள்ளையோ ஆறு மாதத்தில் வளர்ந்துவிடும். கிளப்பில் இரவல் கிடைக்கும்வரை வாங்க வேண்டாம்.

இருபதுகளிலும் முப்பதுகளிலும் வருகிற ஆண்களில் பலர் தேசிய சேவையில் சுட்டவர்கள். "நான் மார்க்ஸ்மேன் பேட்ஜ் வாங்கினவன்" என்ற நம்பிக்கையோடு வருவார்கள். என் தம்பியும் அப்படித்தான் போனான், முகம் தொங்கத் திரும்பினான். எஸ்ஏஆர் 21 துப்பாக்கியில் உருவத்தைப் பெரிதாக்கிக் காட்டும் தொலைநோக்கி உண்டு. ஏர் ரைஃபிளில் அப்படி எதுவும் கிடையாது, சிறு துளை வழியாகத்தான் பார்க்க வேண்டும். அதிலுள்ள 10 புள்ளி வட்டமோ வெறும் அரை மில்லிமீட்டர். பேனாவால் வைத்த புள்ளி அளவு. ராணுவப் பழக்கம் பாதுகாப்பு விதிகளுக்கு உதவும், குறிக்கு அவ்வளவாக உதவாது.

கர்ப்பமாக இருப்போருக்கு ஒரு தனிக் குறிப்பு. மலேசியாவின் நூர் சூர்யானி தைபி 2012 லண்டன் ஒலிம்பிக்கில் எட்டு மாதக் கர்ப்பத்தோடு சுட்டார், 34ஆம் இடம். பெருமையான கதைதான். ஆனால் பெல்லட் குண்டுகள் ஈயத்தில் செய்யப்படுபவை, ஈயம் வயிற்றிலுள்ள குழந்தைக்கு ஆகாது. மருத்துவரிடம் கேட்காமல் போகாதீர்கள்.

ஈயம் எல்லா வயதினருக்கும் பொருந்தும் விஷயம். சுடும் இடத்தில் சாப்பிடக் கூடாது. முடிந்ததும் சோப்பு போட்டுக் கை கழுவ வேண்டும். சின்னப் பிள்ளைகள் வாயில் விரல் வைப்பார்கள், கூடுதல் கவனம் தேவை.

நாற்பதைத் தாண்டினால் முதலில் மாறுவது கண். முன்குறியைத் தெளிவாகப் பார்க்க வேண்டும் என்று சொன்னேன் இல்லையா? கையை நீட்டிப் பிடித்த பிஸ்டலின் முன்குறி கண்ணிலிருந்து ஏறக்குறைய ஒரு மீட்டர் தூரத்தில் இருக்கும். படிக்கும் கண்ணாடிக்கு அது தூரம், தூரப் பார்வைக் கண்ணாடிக்கு அது பக்கம். இரண்டும் சேர்ந்த புரொகிரசிவ் கண்ணாடி போட்டிருந்தால் தலையைத் தூக்கித் தூக்கித் தேடுவீர்கள், கழுத்து வலிதான் மிச்சம். கண்ணாடிக் கடையில் அந்த ஒரு மீட்டர் தூரத்தைச் சொல்லித் தனிக் கண்ணாடி செய்துகொள்ளலாம். இல்லாவிட்டால் ரைஃபிளுக்கு மாறலாம். அதன் சிறு துளை வழியாகப் பார்க்கும்போது பக்கத்திலுள்ளதும் தூரத்திலுள்ளதும் ஓரளவு சேர்ந்தே தெளிவாகத் தெரியும். கண்ணைச் சுருக்கிப் பார்த்தால் எழுத்து தெரிகிறதே, அதே மாதிரிதான்.

மூத்தோர் கவனிக்க வேண்டியது மருந்துச் சீட்டை

வயது தடையில்லை என்பதற்குச் சான்றுகள் நிறைய. ஜார்ஜியாவின் நினோ சலுக்வாட்ஸே 19 வயதில் 1988 சோல் ஒலிம்பிக்கில் தங்கம் வென்றவர், பாரிஸில் 55 வயதில் தம் பத்தாவது ஒலிம்பிக்கில் சுட்டார். ரியோவில் சொந்த மகனோடு சேர்ந்து கலந்துகொண்டார். சுவீடனின் ஆஸ்கர் ஸ்வான் 1920இல் வெள்ளி வென்றபோது அவருக்கு 72 வயது.

அவர்களெல்லாம் இளமையிலிருந்தே சுட்டவர்கள் என்று சொல்வீர்கள். சரி, உத்தரப் பிரதேசத்தின் ஜோஹ்ரி கிராமத்துச் சந்த்ரோ தோமரைப் பாருங்கள். பேத்தியைப் பயிற்சிக்குக் கூட்டிப் போனவர், 60 வயதைத் தாண்டிய பிறகு தாமும் துப்பாக்கியை எடுத்தார். 'சுடும் பாட்டி' என்றே பெயர் வந்துவிட்டது. 2019இல் அவரைப் பற்றி இந்தியில் படமே எடுத்தார்கள்.

அப்பாவுக்கு வந்த தடை வேறு. ரத்த அழுத்தத்துக்கும் இதயத்துக்கும் கொடுக்கப்படும் 'பீட்டா பிளாக்கர்' வகை மாத்திரைகள் (பிசோபிரோலோல், அட்டினோலோல் போன்றவை) இதயத் துடிப்பைக் குறைக்கும், நடுக்கத்தையும் தணிக்கும். மற்ற பல விளையாட்டுகளில் அவற்றால் லாபம் இல்லை. துப்பாக்கி சுடுதலில் அது நேரடி லாபம். அதனால் இந்த விளையாட்டில் அவை போட்டி நாளில் மட்டுமல்ல, எப்போதுமே தடைசெய்யப்பட்டவை. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் வடகொரியாவின் கிம் ஜோங் சு இரண்டு பதக்கங்களை இழந்தது புரோபிரனோலோல் என்ற அந்த வகை மருந்தால்தான்.

அப்பா பலதுறை மருந்தகத்தில் தம் மாத்திரைகளைக் காட்டிக் கேட்டார். அதில் ஒன்று பீட்டா பிளாக்கர். பொழுதுபோக்காகச் சுடுவதற்குத் தடையில்லை, ஊக்கமருந்துச் சோதனை உள்ள போட்டிகளுக்குப் போக முடியாது என்று தெரிந்தது. அவருக்கு முகம் வாடிவிட்டது. மனதுக்குள் ஏதோ பதக்கக் கணக்கு போட்டு வைத்திருந்தார் போல.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். போட்டிக்காக மாத்திரையை நீங்களே நிறுத்தாதீர்கள். அப்பா அதைத்தான் முதலில் யோசித்தார். "ரெண்டு மாசம் விட்டுப் பார்க்கலாமே" என்றார். திடீரென்று நிறுத்தினால் நெஞ்சுவலி, மாரடைப்பு வரை போகலாம் என்று மருத்துவர் கண்டிப்பாகச் சொன்ன பிறகுதான் அடங்கினார்.

முதல் முறை போகிறீர்கள் என்றால் அடையாள அட்டை, மூடிய காலணி, வழக்கமான கண்ணாடி, மருந்துப் பட்டியல் ஆகியவற்றைக் கொண்டு போங்கள். காபி குடித்துவிட்டுப் போகாதீர்கள், சிலருக்குக் கை கூடுதலாக ஆடும்.

எங்கள் வீட்டில் இப்போது சனிக்கிழமை காலை தாத்தாவும் பேரனும் சேர்ந்து போகிறார்கள். முதல் நாள் பத்துக் குண்டுகளில் அப்பாவுக்கு 61, மகனுக்கு 74. "அவனுக்கு ஸ்டாண்ட் கொடுத்தாங்க, அது ரைஃபிள், நான் சுட்டது ஒத்தக் கையால" என்று அப்பா இன்றைக்கும் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்கிறார். அம்மா போலீஸ் பேச்சை விட்டுவிட்டார். இருவரும் வாசலில் நுழைந்ததும் அவர் கேட்பது ஒன்றுதான்: "கை கழுவியாச்சா?"